எல்லோருக்கும் சரி சொன்ன பிள்ளை

மரக்காணத்தில் ஸ்வெட்டர் போடுகிறவர்கள் யாரும் கிடையாது. மார்கழி விடியலில்கூட ஒரு துண்டைக் காதில் சுற்றிக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தால் போதும், மிச்சத்தைச் சூரியன் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில், அலை வந்து போன பிறகு, எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்வெட்டர் இருந்தது. எங்கெங்கோ இருக்கிற நல்ல மனுஷர்கள், கடல் எங்களை அடித்துவிட்டது என்று கேள்விப்பட்டு லாரி லாரியாகத் துணி அனுப்பினார்கள். பாவம், அவர்களுக்கு எங்கள் வெயில் தெரியாது. நான் வரிசையில் நின்று வாங்கியது அரக்கு நிறம். முழங்கையில் ஓட்டை. அதைப் பச்சை நூலால் நெருக்கமாகத் தைத்து வைத்தேன். போடுவதற்கு இல்லை. ஓட்டையோடு வைத்திருந்தால் ஓசியில் வந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிடும் அல்லவா, அதற்காக.

பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கப் போகிற தேசத்தில் பனி கொட்டும் என்று தெரிந்த பிறகுதான் அந்த ஸ்வெட்டர்களுக்கு ஒரு வேலை வந்தது.

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கேயாவது இருந்து இதைப் படித்தால் கூச்சப்படுவான். கூச்சப்பட்டாலும், நல்லா இருக்குது ஆயா என்றுதான் சொல்வான். அவனுக்கு இருந்த வியாதியே அதுதான். யார் எதைச் சொன்னாலும் சரி. யார் எதைக் கொடுத்தாலும் சரி. தீபாவளிக்கு மூன்று வீட்டில் சாப்பிட்டு முடித்தவனை நான்காவது வீட்டுக்காரி கூப்பிட்டால் அங்கேயும் போய் உட்காருவான். கிறிஸ்துமஸ் வந்தால் எதிர்வீட்டு டீச்சரம்மா கேக்கும் கறிக்குழம்பும் ஒரே தட்டில் வைப்பாள், அதையும் சாப்பிடுவான். அப்புறம் யாருக்கும் தெரியாமல் முள்வேலிக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பான். எடுத்துவிட்டு வந்து, குழம்பு நல்லா இருந்துச்சி என்று அவளிடம் ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

ஒரு நாள் வேண்டுமென்றே அவனைச் சோதித்தேன். காலையில் ஒரு கதை சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, என்னைப் பார்க்காமல் எங்கள் வீட்டு எருமையையே பார்த்துக்கொண்டிருந்த கதை. சிரித்தான். மத்தியானம் தண்ணீர் கேட்டு வந்தான், அதே கதையைச் சொன்னேன். சிரித்தான். சாயங்காலம் மறுபடியும் சொன்னேன். காலையில் எந்த இடத்தில் சிரித்தானோ அதே இடத்தில், அதே அளவு சிரித்தான்.

"டேய், காலையில கேட்டதுதானடா" என்றேன்.

"அந்த எருமை நல்ல எருமை ஆயா" என்றான்.

இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேலி பண்ணவும் முடியாது. கேலி பண்ணினால் அதற்கும் சரி என்பான்.

எங்கள் ஊர் உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேற்கே பிரம்மதேசம் கிராமத்துப் பக்கம் நிலம் வைத்திருக்கிறவர்கள் கோடையில் மேகத்தைப் பார்த்தால் கும்பிடுவார்கள். நாங்கள் அதே மேகத்தைத் திட்டுவோம். சாமி பாடு திண்டாட்டம். பாத்தியில் விளைந்த உப்பை வாரி வரப்பு ஓரத்தில் அம்பாரமாகக் குவித்து வைத்திருப்போம். ஒரு கோடை மழை அரைமணி நேரம் பெய்தால் போதும், மாதக்கணக்கில் வெயிலில் நின்றதெல்லாம் கரைந்து கடலுக்கே திரும்பிப் போய்விடும். அதனால் உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் கண்ணில் மேகம் முதலில் படுகிறதோ அவர் கத்த வேண்டும். சண்டைக்காரன் உப்பாக இருந்தாலும், பங்காளி உப்பாக இருந்தாலும் கத்த வேண்டும். பார்த்தும் சொல்லாமல் இருந்தவன் வீட்டில் நாங்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டோம்.

அவன் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும்போது அப்படி ஒரு மழை வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வழியில் இவன்தான் முதலில் பார்த்தான். பையை எறிந்துவிட்டு வரப்பு நெடுக, மூடு மூடு என்று கத்திக்கொண்டு ஓடினான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தன் அம்மாவோடு பேச்சுவார்த்தையே இல்லாத ஒரு கிழவியின் அம்பாரத்துக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்து மூடி, நாலு மூலையிலும் கல்லை வைத்துவிட்டு நின்றான். இங்கே இவன் அம்மா ஒற்றை ஆளாகக் கீற்றை இழுத்துக்கொண்டு தடுமாறினாள். பாதி உப்பு போய்விட்டது. மழை விட்டதும் தென்னை மட்டையால் அவனை அடித்தாள். அடியை வாங்கிக்கொண்டே சொன்னான்.

"அவங்க தனியா இருந்தாங்கம்மா."

"நான் மட்டும் என்ன, ஜமா சேத்துக்கிட்டா நிக்கிறேன்?" என்றாள் அவள்.

அவன் அப்பா செத்து அப்போது பல வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மாளுக்கு இருந்தது இந்த ஒரு பிள்ளையும் கொஞ்சம் பாத்தியும்தான். உப்புத் தண்ணீரிலேயே நின்று நின்று அவள் பாதம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி அந்த வெடிப்பில் விடுவான். பெரியவனாகி உன் காலை நான் சரி பண்ணிடறேம்மா என்று சொல்லுவானாம். குழந்தை சொன்ன சொல். அவள் அதை டாக்டர் படிப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது முடித்தான். வந்த மார்க்குக்கு இங்கே டாக்டர் சீட்டு கிடைக்காது என்றார்கள். பாண்டிச்சேரியில் ஒரு ஏஜெண்ட் இருந்தான். ரஷ்யாவில் ஆறு வருஷம், திரும்பி வந்தால் டாக்டர் என்றான். அவள் ரோட்டோரத்துப் பாத்திகளை விற்றாள். நல்ல விளைச்சல் உள்ள பாத்திகள், லாரி வந்து நிற்கிற இடம். மிச்சம் இருந்தது உள்ளே தள்ளி இருந்த கொஞ்சம்தான். ஊரே அவளைப் பாராட்டியது. நான் மட்டும் அவனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"உனக்குப் போவ இஷ்டமாடா?"

"அம்மாவுக்கு இஷ்டம் ஆயா."

"உனக்கு?"

தலையைச் சொறிந்துகொண்டான். "சரின்னு சொல்லிட்டேன் ஆயா" என்றான்.

பெட்டி கட்டுகிற வேலை ஆவணி மாதத்தில் ஆரம்பித்தது. கட்டியது அவன் இல்லை, எங்கள் தெரு கட்டியது. நீல நிறத்தில் சக்கரம் வைத்த இரண்டு பெட்டிகளை வாங்கி வந்து கூடத்தில் திறந்து போட்டிருந்தார்கள். சக்கரம் எங்கள் தெரு மணலில் உருளவில்லை, தலையில் வைத்துத்தான் தூக்கி வந்தான். திறந்த பெட்டியைப் பார்த்தால் எங்கள் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது. ஊரை விட்டுப் போகிற பிள்ளைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது ஒன்று பெட்டியில் விழுந்தாக வேண்டும். புளி வந்தது. பருப்புப்பொடி வந்தது. நெத்திலிக் கருவாடு வந்தது. கூனிமேட்டிலிருந்து கருவாடு வாங்க வருகிற பாய் ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொடுத்தார். டீச்சரம்மா ஒரு பைபிள் கொண்டுவந்தாள். இன்னொருத்தி முருகர் படம் கொண்டுவந்தாள். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, சண்டை வராமல் இருக்க நடுவில் ஒரு ஸ்வெட்டரை வைத்தான்.

ஸ்வெட்டர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எந்த வீட்டுப் பரணிலிருந்து எது வந்தது என்று கணக்கே இல்லை. ஒன்று ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆகிற அளவு. அதையும் கொண்டுவந்து கொடுத்தாள் ஒரு புண்ணியவதி. இது சின்னதா இருக்கே என்று அவன் சொல்லவில்லை. மார்பில் வைத்துப் பார்த்து, கலர் நல்லா இருக்குது என்றான். என் அரக்கு ஸ்வெட்டரையும் கொடுத்தேன். தையலைத் தடவிப் பார்த்து, இது ஆறு வருஷமும் தாங்கும் என்றான்.

அவன் அம்மா ராத்திரி அவன் தூங்கிய பிறகு பாதியை எடுத்து வெளியே வைப்பாள். காலையில் எழுந்ததும் அவன் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைப்பான். கொடுத்தவங்க வந்து பாத்தா மனசு கஷ்டப்படும் என்பான். கொடுத்தது போதாதென்று கேட்கவும் ஆரம்பித்தார்கள். வரும்போது ஒரு டார்ச் லைட், ஒரு கைக்கடிகாரம், பின்தெருக் கிழவருக்கு அந்த ஊர்ச் சரக்கு ஒரு பாட்டில். எல்லாவற்றுக்கும் சரி சொன்னான். திரும்பி வருவதற்கு ஆறு வருஷம் ஆகும் என்று ஒருத்தரிடமும் ஞாபகப்படுத்தவில்லை.

ஒரு பெட்டி இருபது கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தான். எங்கள் ஊரில் எடை போடுவதற்கா பஞ்சம்? உப்பு மூட்டை நிறுக்கிற இடத்துக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். எடைக்காரர் பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, சரியா இருபது என்று சத்தமாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. கிட்டப் போய், ஈரத்துக்குக் கழிச்சியா என்று கேட்டேன். உப்பு மூட்டைக்கு ஈரக் கழிவு என்று இரண்டு கிலோ கழித்துத்தான் எப்போதும் சொல்வார்கள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கைப்பழக்கம் ஆயா என்றார். மறுபடியும் பெட்டியைத் திறந்து, மறுபடியும் ஒரு சண்டை. கடைசியில் அவன் எதை எடுத்தான் தெரியுமா? தன்னுடைய இரண்டு பேண்டை எடுத்தான்.

மூடுவதற்கு முன்னால் அவன் அம்மா ஒரு சின்னத் துணி முடிப்பைக் கொண்டுவந்து மூலையில் திணித்தாள். கல் உப்பு. ரஷ்யாவுல உப்பு இருக்காதா என்று கேட்டேன். நம்ம உப்பு இருக்காது என்றாள். நான் அந்த இரண்டு பெட்டியையும் ஒரு பார்வை பார்த்தேன். அதில் தெருவே இருந்தது. அவன் இல்லை.

"உனக்குன்னு என்னடா வச்சிக்கிட்ட?" என்றேன்.

அவன் பெட்டியைப் பார்த்தான். நிஜமாகவே தேடினான். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தான், எருமைக் கதைக்குச் சிரித்த மாதிரி.

ஏர்போர்ட்டுக்குக் கும்பலாக வர வேண்டாம், பாண்டிச்சேரி ஆபீசுக்குப் பையன் மட்டும் வந்தால் போதும், எல்லாப் பையன்களையும் வேனில் சேர்த்துச் சென்னைக்கு நாங்களே கூட்டிக்கொண்டு போகிறோம் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டான். அதனால் பஸ் ஸ்டாப்போடு எங்கள் வழியனுப்பு முடிந்தது. பெட்டிகளைப் பஸ் மேலே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அம்மா அழவில்லை. ஜன்னல் வழியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள். வெடித்த பாதம், அதற்கு மேல் நடக்க முடியவில்லை.

அந்தத் தெருவில் எங்கள் வீட்டில்தான் போன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அவன் கூப்பிடுவான். எங்கள் வீட்டுப் போனில் பேசினால் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி வெளியே எல்லோருக்கும் கேட்கும். அவன் அம்மா ஞாயிற்றுக்கிழமை தலை குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வருவாள். போன்ல மொகம் தெரியாதும்மா என்று நான் கிண்டல் பண்ணினால், எனக்குத் தெரியுது அத்த என்பாள்.

சாப்பிட்டானா, குளிருதா, வாத்தியார்கள் நல்லவர்களா. எல்லாவற்றுக்கும் நல்ல பதில் சொல்வான். முழங்கால் அளவு பனி என்பான். டீச்சரம்மா போனை வாங்கினால், நீங்க குடுத்த ஸ்வெட்டர்தான் இப்ப போட்டிருக்கேன் என்பான். அடுத்தவள் வாங்கினால், உங்க ஸ்வெட்டர்தான்க்கா போட்டிருக்கேன் என்பான். குழந்தை ஸ்வெட்டர் கொடுத்தவளிடமும் அதையே சொன்னான். நான் வாங்கி, எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கிறியாடா, வெங்காயம் மாதிரி என்றேன். ஆமா ஆயா என்று சிரித்தான். எருமைக் கதையைச் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

இப்படியே மாசி போனது, பங்குனி போனது. பாண்டிச்சேரியில் யாரோ ஏஜெண்ட் எப்போதோ பிள்ளைகளை ஏமாற்றிவிட்டு ஆபீசைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டானாம் என்று ஒரு சேதி வந்தது. யாரோ பெத்தவங்க பாவம் என்று அவன் அம்மாகூட உச்சுக்கொட்டினாள். நம்ம பிள்ளைதான் வாராவாரம் பனியில் நின்று பேசுகிறானே.

வைகாசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை. வெளியே கண்ணைத் திறக்க முடியாத வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மிச்சம் இருந்த பாத்திகளில் அந்த வருஷம் நல்ல உப்பு. பெரிய அம்பாரம் போட்டிருந்தாள், வெள்ளையாகக் கண்ணைக் குத்துகிற உப்பு. போனில் அதைத்தான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை ஈரமே இல்லப்பா, அப்படியே தெறந்து காயுது என்று சொன்னாள். அவன் உம் கொட்டிக்கொண்டிருந்தான். உம் கொட்டுவதற்குப் பின்னால் ஏதோ தகரத்தில் பொரி வறுக்கிற மாதிரிச் சத்தம் வந்தது. போன் கோளாறு என்று நினைத்தேன்.

திடீரென்று அவன் குரல் மாறிவிட்டது. வரப்பு மேல் ஓடுகிற பிள்ளையின் குரல்.

"அம்மா, மூடும்மா. தெக்கால இருந்து பெருசா வருது. ஓடும்மா, மூடு."

அவள் போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டு ஓடினாள். நல்ல புடவையோடு ஓடினாள். மூடு மூடு என்று அவள் கத்துவது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. வெயிலில் நின்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், இவளைப் பார்த்தார்கள். ஆனாலும் ஒருத்தர் கத்தினால் மூட வேண்டும், அதுதான் வழக்கம். நான் போனை எடுத்துக் காதில் வைத்தேன். பொரி வறுக்கிற சத்தம் இப்போது நன்றாகக் கேட்டது. கூரைத் தகரத்தில் மழை. அவன் மூச்சு விடுகிற சத்தமும் கேட்டது. என்ன பேசிவிட்டோம் என்று அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"ஆயா" என்றான். தகரத்தில் மழை இன்னும் வலுத்தது. "வச்சிடறேன் ஆயா."

கடைசி அம்பாரத்துக்குக் கல் வைக்கும்போது முதல் சொட்டு விழுந்தது. அப்படி ஒரு மழையை அந்தக் கோடையில் நாங்கள் பார்க்கவில்லை. ஒரு பிடி உப்புகூடக் கரையவில்லை. ஜனங்கள் நனைந்துகொண்டே ஆடினார்கள். உனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சிது என்று கேட்டார்கள். அவள் சொட்டச் சொட்ட வரப்பில் உட்கார்ந்திருந்தாள். நான் குடையோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"அத்த, அங்க பெய்யற மழ இங்க வருமா?"

எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் உண்டு. அன்றைக்குக் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்ததோடு சரி.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தலை குளித்து வந்தாள். போன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கூப்பிட்டால் சொல்வதற்கு ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒருதரம் சொல்லிக் காட்டினாள். மழையே வரலப்பா, நீ எதையோ உளறின, இங்க வெயில் கொளுத்துது, நான் மூடவே இல்ல. இப்படிச் சொல்லிட்டா அவனுக்குச் சங்கடமா இருக்காது இல்ல அத்த என்றாள். நல்லா இருக்குது என்றேன்.

போன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த வாரமும் அடிக்கவில்லை. தெருவில் கேட்டவர்களுக்குப் பரீட்சை நேரம் என்றாள். நானும், ஆமாம் பரீட்சை என்றேன். பாண்டிச்சேரிக்குப் போய்த் தேடலாமா என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். என்னை முறைத்தாள்.

"போய்ப் பாத்துட்டா அவன் எந்த மொகத்தோட நிப்பான்? அவன் அங்க இருக்கான். படிக்கிறான்."

கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆனி மாதத்தில் நானே போனேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஏஜெண்ட் ஆபீஸ் இருந்த தெருவை விசாரித்துப் போனேன். ஷட்டர் துருப்பிடித்துக் கிடந்தது. அதற்கு எதிர்ப்புறம் பிளாட்பாரத்தில் கொஞ்சம் பேர் குடும்பமாக இருந்தார்கள். ஒரு கிழவன் மத்தியான வெயிலில் படுத்துக்கிடந்தான், தலைக்கு அடியில் அரக்கு நிறத்தில் ஒரு சுருட்டல். முழங்கையில் பச்சை நூல். பக்கத்தில் ஒருத்தி கைக்குழந்தையைக் கிடத்தியிருந்தது டீச்சரம்மா கொடுத்த ஊதா ஸ்வெட்டரில். ஐந்து வயது ஸ்வெட்டரும் இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையும் இருந்தது. அந்த ஸ்வெட்டர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போயிருந்தது.

கிழவனை எழுப்பி விசாரித்தேன். போன வருஷம் ஆபீஸ் பூட்டின மறுநாள், ஒரு பையன் ரெண்டு பெட்டியோடு வந்து அந்தப் படியில் பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான் என்றான். ஊருக்குத் திரும்பிப் போ என்று இவர்கள் சொன்னார்களாம். தெருவே குடுத்தனுப்பிச்சது, எப்படித் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறது என்றானாம். அப்புறம் ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டு ராத்திரி இவர்களோடுதான் படுத்திருக்கிறான். ஐப்பசி மழையில் இவர்கள் நடுங்கியதைப் பார்த்துப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமையானால் மூலையில் இருக்கிற போன் பூத்துக்குப் போய்ச் சிரித்துச் சிரித்துப் பேசுவானாம். மூலையைத் திரும்பிப் பார்த்தேன். தகரக் கூரை போட்ட பூத்.

"இப்ப எங்க?" என்றேன்.

"ஒரு மழ நாள்ல பூத்துலேந்து வந்தான், யார்கிட்டயும் பேசல. மறுநாள் எவனோ லாரிக்காரன், வடக்க போறேன், லோடு எறக்க ஆள் வேணும், வர்றியான்னான். சரின்னு ஏறிட்டான். அவன்தான் யார் கூப்ட்டாலும் போயிடுவானே."

அந்தத் தையலை ஒருதரம் தடவிப் பார்த்தேன். ஒரு இழைகூட விடவில்லை. ஆறு வருஷம் தாங்கும் என்று சொன்னவன் பொய் சொல்லவில்லை.

ஊருக்கு வந்தபோது அவன் அம்மா வாசலில் முறத்தில் அரிசியோடு உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க அத்த?"

"கண்ணுல ஒண்ணுமில்லையாம்."

"எல்லாம் தெரியுதா?"

"தெரியுது."

கல்லைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். முறத்தை ஒருதரம் புடைத்துவிட்டு, "நல்லா சாப்பிடறானா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு வந்தவள் மாதிரி, "சாப்பிடறானாம்" என்றேன்.

அவ்வளவுதான். லாரியைப் பற்றி நான் சொல்லவில்லை, அவள் வேறெதுவும் கேட்கவும் இல்லை.

ஆவணியில் மறுபடியும் மேகம் ஏறியது. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை, தலை குளித்து வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. உப்பளத்தில் யாரோ கத்தினார்கள், அப்புறம் எல்லோரும் கத்தினார்கள். அந்த வைகாசியில் தப்பிய உப்பு, விலை ஏறட்டும் என்று விற்காமல் வைத்திருந்த உப்பு, வெயிலுக்குத் திறந்து கிடந்தது.

"ஏம்மா, ஊரே கத்துது, காதுல விழல? போய் மூடு" என்றேன்.

அவள் அசையவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் சொல்லட்டும் அத்த" என்றாள்.

மழை இறங்கியது. நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு என்னால் முடிந்த வேகத்தில் வரப்புக்குப் போனேன். அந்தத் தார்ப்பாயின் ஒரு மூலையைக்கூட என்னால் நகர்த்த முடியவில்லை. கையில் வலு இருந்தவர்கள் எல்லோரும் அவரவர் அம்பாரத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். தன் உப்பை விட்டுவிட்டு அடுத்தவர் உப்புக்கு ஓடுகிற புத்தி எங்கள் உப்பளத்தில் ஒருத்தனுக்குத்தான் இருந்தது.